ஆடுதூக்கிக்குக் கிடைத்த காப்புரிமை

தும்பைக்குளத்துக்கு வழி கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஊர்க்காரர்களையே கேட்டாலும், "நாங்க எப்பவும் அங்கேயே இருக்கோம், போற வழி எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது.

கண்டுபிடித்தவர் சடையாண்டி. ஒரு பழைய சைக்கிள் சக்கரம், கயிறு, பெரிய கூடை. ஊர்க் கிணற்றில் ஆடு விழுந்தால் கூடையை இறக்கிச் சக்கரத்தைச் சுற்ற வேண்டியது, ஆடு மேலே வந்துவிடும். ஆடுதூக்கி என்று பெயர் வைத்தார். ஆடு எப்படிக் கூடையில் ஏறும் என்று பக்கத்து வீட்டு வெயிலுமுத்து கேட்டான். ஆபத்து என்று வந்தால் ஏறாமலா இருக்கும் என்றார் சடையாண்டி.

மச்சினன் மூக்கையாவையும் வெயிலுமுத்துவையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்தார். வக்கீல் அலைந்து திரிந்து காப்புரிமை வாங்கிக் கொடுத்தார். இருபது வருஷத்துக்கு இது உங்கள் சொத்து, உங்கள் கையெழுத்து இல்லாமல் வேறு எவனும் இதைத் தொடக் கூடாது என்றார். எவனாவது நன்றாக மாற்றிச் செய்தால் மட்டும் அது வேறு கண்டுபிடிப்பு என்றும் சொல்லி அனுப்பினார். மூன்று பேரும் அவர் சொன்னதில் ஒரு சொல் சிந்தாமல் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

ஆடுதூக்கியைக் கிணற்றடியில் நிறுத்தியாயிற்று. ஆனால் ஒரு ஆடும் விழவில்லை. கிணற்றைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குச் சுவர் இருந்தது.

"சுவர் இருந்தா ஆடு விழாது மச்சான். ஆடு விழலேன்னா தொழில் எப்படி ஓடும்?" என்றான் மூக்கையா.

நியாயம்தானே. ஊர் கூடிச் சுவரை இடித்தது. அதற்கப்புறமும் ஆடுகள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போயின. ஏன் ஒன்றும் விழ மாட்டேன் என்கிறது என்று சடையாண்டி எட்டிப் பார்த்தார். விழுந்தார்.

கோடைக்காலம், இடுப்பளவுதான் தண்ணீர். அடி ஒன்றும் படவில்லை. கிணற்றின் உள்பக்கம் மேலிருந்து தண்ணீர் வரைக்கும் படிக்கற்கள் உண்டு. பிள்ளைகள் அதில் இறங்கித்தான் குளிப்பார்கள். மேலே ஆடுதூக்கி தயாராக நின்றது.

வெயிலுமுத்து சக்கரத்தில் கை வைக்கப் போனான். மூக்கையா அவன் கையைத் தட்டிவிட்டான்.

"தொடாதடா. மச்சான் கையெழுத்து இருக்கா?"

"அண்ணேதான உள்ள கெடக்காரு?"

"யாரு கெடந்தா என்ன? எவனும் தொடக் கூடாதுன்னு வக்கீல் சொன்னாரே, நீ எவன்ல சேத்தி இல்லையா?"

வெயிலுமுத்து யோசித்துப் பார்த்தான். சேர்த்திதான்.

கீழே இருந்து சடையாண்டியும் அதையே சொன்னார். தன் உயிருக்காகச் சட்டத்தை வளைத்தால் நாளைக்கு ஆடுகள் மதிக்குமா என்று கேட்டார்.

காகிதத்தையும் பேனாவையும் கிணற்றுக்குள் போட்டார்கள். காகிதம் நனைந்து கூழாயிற்று, பேனா முங்கிப்போயிற்று. அடுத்த காகிதத்தைக் கல்லில் சுற்றிப் போட்டார்கள். அது நேராகத் தலைக்குத்தான் போனது.

மாற்றிச் செய்தால் வேறு கண்டுபிடிப்பு என்பது அப்போதுதான் வெயிலுமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் வீட்டிலிருந்து இன்னொரு கூடை கொண்டுவந்தான். சடையாண்டியின் கூடையில் கயிறு உண்டு. இதில் கயிறு கிடையாது. நல்ல மாற்றம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கூடையை உள்ளே போட்டார்கள். சடையாண்டி அதைக் கவிழ்த்துப்போட்டு மேலே உட்கார்ந்துகொண்டார். முன்னைக்கு இப்போது வசதிதான். ஆனால் வெளியே வரவில்லை.

மூக்கையா எட்டிப் பார்த்து ஆறுதல் சொன்னான். "இருபது வருசம் பொறுத்துக்கங்க மச்சான். அப்புறம் யாரு வேணாலும் தூக்கலாம். தண்ணிக்கும் பஞ்சமில்லை."

அதற்குள் சடையாண்டியின் மனைவி ஒச்சம்மாள் வந்து சேர்ந்தாள். கோழிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. விஷயத்தை முழுக்கக் கேட்டாள். இவ்வளவு ஆம்பளைங்க இருந்தும் ஒருத்தருக்கும் இது தோணலையா என்று சலித்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"ஏங்க, படியில ஏறி வந்து ஒரு கையெழுத்தப் போட்டுட்டுத் திரும்ப எறங்கிக்கங்க. அவங்க தூக்கி விட்டுருவாங்க."

ஊரே அவளை மெச்சியது. சடையாண்டி படிக்கற்களைப் பிடித்து மளமளவென்று ஏறி வந்தார். வேட்டியைப் பிழிந்தார். "சடையாண்டியைக் கிணற்றிலிருந்து தூக்க அனுமதி" என்று வெயிலுமுத்து எழுதி நீட்ட, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, கீழே இறங்கக் காலை வைத்தார்.

மூக்கையாவின் முகம் மாறியது. "மச்சான், இப்ப ஏறி வந்தீங்களே, இந்தப் படி யாரு கண்டுபிடிச்சது?"

யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப யாருகிட்டக் கையெழுத்து வாங்குனீங்க?"

சடையாண்டி வைத்த காலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். தன் பொருளை எவனும் தொடக் கூடாது என்று அத்தனை நேரம் தண்ணீரில் கிடந்தவர், அடுத்தவன் பொருளில் ஏறி வந்திருக்கிறார். இனி படியில் இறங்கினால் அது இரண்டாவது தப்பு. மானஸ்தர், யோசிக்கவே இல்லை. குதித்துவிட்டார்.

மூக்கையாவும் வெயிலுமுத்துவும் ஆடுதூக்கிக்கு ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள்.

"இப்பத் தூக்கலாம்ல?" என்றான் வெயிலுமுத்து.

"தாராளமா. எங்க, அந்தக் காயிதத்த எடு பாப்போம்."