சாபப் பகுதிக்கு யார் ஏறுவது?

பிரோவ்கா என்ற சிற்றூரில் புதன்கிழமை மாலைகளில் யூதர்கள் ஜெபக்கூடத்து நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேதம் படிப்பார்கள். பொழுது சாயும்முன் ஒரு தொழுகை, சாய்ந்தபின் ஒரு தொழுகை. படிப்பு இரண்டுக்கும் நடுவில். சொல்லிக்கொடுப்பவர் ஊரின் மதகுரு, ரப்பி யெருகாம். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான். சீடர்களில் மூத்தவரான மர வியாபாரி லிப்மனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. லிப்மன் கோபக்காரர். அவர் கோபத்தில் எப்போதும் நியாயம் இருக்கும். அது அவருக்கே தெரிந்திருந்ததுதான் தொல்லை.

அந்த வாரத்துப் பாடம், மோசே அடுக்கிச் சொன்ன சாபங்கள். கட்டளையை மீறினால் நோய் வரும், விதைத்தது விளையாது, பெற்ற பிள்ளைகள் பறிபோவார்கள்.

ஓய்வுநாள் காலையில் ஏழு பேரைப் பெயர் சொல்லி, ஒருவர் பின் ஒருவராக மேடையில் விரித்த வேதச் சுருளின் அருகே ஏறிவர அழைப்பார்கள். அவரவர் பகுதி வாசிக்கப்படும்போது பக்கத்தில் நிற்பது பெரிய மரியாதை. அதற்காக அண்ணன் தம்பிகள்கூட முகம் திருப்பிக்கொள்வதுண்டு. ஆனால் சாபப் பகுதி வரும் வாரத்தில் பாருங்கள், கூடத்தில் பாதிப் பேருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிடும். யார் பக்கத்தில் நிற்க அது வாசிக்கப்படுகிறதோ, அவர் வீட்டுக்கே சாபம் போய்ச் சேரும் என்று ஒரு பயம். எந்த வேதத்திலும் எழுதாத பயம்.

ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நம் பக்கம் சொல்வார்கள். பிரோவ்காவில் பிள்ளையார் கோயில் இல்லை, ஆண்டி இருந்தார். மாவு ஆலையில் மூட்டை தூக்கும் கெட்ஸல். வருஷா வருஷம் அவரையே அந்தப் பகுதிக்கு ஏற்றிவிடுவார்கள். அன்று மதியம் கூடத்து நிர்வாகி ஹெர்ஷல் வீட்டில் அவருக்கு மீனும் ரொட்டியும் கிடைக்கும். மற்ற ஐம்பத்தொரு வாரம் அவர் பெயரை யாரும் அழைத்ததில்லை.

அன்று ரப்பி பாடத்தைத் தொடங்கக்கூட இல்லை. லிப்மன் மேசையை ஓங்கித் தட்டினார்.

"ரப்பி, இது அநியாயம் இல்லையா? வாயில்லாப் பூச்சி ஒருத்தன் கிடைச்சான்னு ஊர்ச் சாபத்தையெல்லாம் அவன் தலையில கட்டுறோம். நாமெல்லாம் மனுஷங்களா?"

கெட்ஸல் மேசையின் கடைசியில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். லிப்மன் அவர் பக்கம் திரும்பவில்லை.

"அநியாயம்தான்," என்றார் ரப்பி.

"அப்போ ஏன் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"ரெண்டு வருஷம் நானே ஏறப் பாத்தேன். ரப்பிக்குச் சாபம் வந்தா ஊருக்கே வரும்னு எல்லாரும் மறிச்சாங்க. அப்புறம் நானும் சும்மா இருந்துட்டேன். அது என் தப்பு. போன வருஷம் நீங்க என்ன பண்ணீங்க?"

"கொதிச்சுப் போனேன்! ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும்தான்!" லிப்மன் எழுந்துவிட்டார். "இந்த ஹெர்ஷல் ஏறட்டுமே! மீன் போட்டாச் சரியாப் போச்சா?"

ஹெர்ஷல் தாடியைச் சொறிந்தார். "எனக்கு மாரடைப்பு வந்து மூணு மாசம்தான் ஆகுது, லிப்மன்."

"பார்த்தீங்களா? ஆளுக்கொரு சாக்கு! வெட்கங்கெட்ட கூட்டம்!"

"சரி. இந்த வாரம் நீங்க ஏறுங்க," என்றார் ரப்பி.

லிப்மனின் கை நீட்டியபடியே நின்றது. பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"ஏறுவேன், ரப்பி. நான் பயந்தவன் இல்ல. ஆனா என் பொண்ணுக்கு எட்டாம் மாசம். இதுக்கு முன்னாடி ரெண்டும் தங்கல. உங்களுக்கே தெரியும். அடுத்த வருஷம் கண்டிப்பா..."

யாரும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு சின்னப் பெட்டிகளும் கல்லறைக்குப் போனபோது பின்னால் நடந்தவர்கள்தான் அங்கே இருந்த எல்லோரும்.

மேசையின் கடைசியிலிருந்து குரல் வந்தது.

"நான் ஏறுறேன், ஐயா." கெட்ஸல் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "எனக்குப் பழகிப்போச்சு. அவர் பொண்ணு நல்லபடியா பெத்துப் பிழைக்கட்டும். எதுக்கு வீண் சண்டை?"

லிப்மனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது வந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. அன்றுதான் முதல்முறையாகக் கெட்ஸலின் முகத்தை நேராகப் பார்த்தார். புருவத்தில்கூட மாவு படிந்திருந்தது.

"அப்போ கெட்ஸலே ஏறட்டுமா?" என்று ரப்பி கேட்டார். "உங்க வாயால சொல்லுங்க. ஹெர்ஷல் அப்படியே பேரை அழைப்பார்."

லிப்மன் வாயைத் திறந்தார். ஏறட்டும் என்று சொல்ல முடியவில்லை. நானே ஏறுகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை. அவ்வளவு நேரம் மேசையைத் தட்டிய மனிதர், இப்போது விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரப்பியின் பக்கம் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்.

"ரப்பி, உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பகுதிக்கு ஏறினா வீட்டுல இருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடுமா?"

ரப்பி குரலைத் தாழ்த்தவில்லை.

"கெட்ஸலுக்கு நாலு பிள்ளைங்க. நான் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, லிப்மன். ஒரு வருஷமாவது இந்தக் கேள்வியை எங்கிட்ட வந்து கேட்டீங்களா?"