கொலைக்களத்துக்கு ஒரு தலைவன்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்நாட்டாரின் மனம் புண்படக்கூடும் என்பதால் பெயர் சொல்லாமல் விடத்தக்க ஒரு நாட்டில், வடகோட்டைத் தலைவர் காய்ச்சலில் மாண்டுபோனார். அடுத்தவரை நியமிக்கும் ஓலையோ அரண்மனைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு அப்பால் பகைவர் கூடாரம் அடித்துவிட்டனர். யாருடைய சொல்லுக்குக் கோட்டைக் கதவை அடைப்பது என்று தெரியாமல் வீரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றனர்.

இதற்குக் காரணம் அந்நாட்டு வழக்கமே. பதவி ஓலையில் படைகளுக்கெல்லாம் மேலவரான தளவாய் கச்சிராயரும், அரசாங்க ஓலைகளை ஆராயும் ஓலைநாயகம் திருமேனியாரும் முத்திரை இட வேண்டும். மேலவரான தளவாய் இடாத ஓலையில் ஓலைநாயகம் இடுவது அகந்தை. ஓலைநாயகம் ஆராய்ந்து இடாத ஓலையில் தளவாய் இடுவது அவசரம். "தாங்கள் முதலில்" என்று இவர் அனுப்புவார். "தங்களுக்குப் பிறகே" என்று அவர் திருப்புவார். ஓலையின் ஓரம் தேய்ந்ததே தவிர, முத்திரை விழவில்லை.

அரசவை விகடகவியான குழைக்காதர் ஒருநாள் காலை, வாய் சும்மா இராமல், "அரசே, அந்த ஓலையைப் பகைவரிடம் கொடுத்தனுப்பிவிடலாம். முத்திரைக்குக் காத்திருந்தே அவர்கள் கிழவர்களாகிவிடுவார்கள்" என்றார்.

அவை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. பல இரவுகளாக உறங்காத அவருடைய அச்சம் சினமாக மாறியது. குழைக்காதரைக் கண்டாலே எரிச்சல் கொள்ளும் கச்சிராயர் அதைக் கவனித்தார்.

"இவ்வளவு எளிதாகப் பேசுபவர் செய்து காட்டட்டுமே, அரசே."

"செய்ய இயலாவிட்டால்?" என்று திருமேனியார் இனிமையாகக் கேட்டார்.

"இன்று கதிரவன் மறைவதற்குள் ஒரு படைத்தலைவனாவது முறைப்படி பதவி ஏற்க வேண்டும். இல்லையேல் குழைக்காதரே, கதிரவனோடு உம் தலையும் இறங்கும்!" என்றார் மன்னர்.

குழைக்காதர் தளவாயின் மாளிகைக்கு ஓடினார்; "ஓலைநாயகம் முதலில் இடட்டும்" என்றார்கள். ஓலைநாயகத்தின் மாளிகைக்கு ஓடினார். அங்கே அவருக்கு வெற்றிலை கொடுத்து, தளவாயிடமே திருப்பி அனுப்பினார்கள். நண்பகல் கடந்தது. தாம் சாகப்போகும் இடத்தையாவது பார்த்துவிடுவோம் என்று கால்கள் அவரைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் சென்றன. அங்கே மருதப்பன் என்ற வாள்காரன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, வாள் தீட்டவில்லையா?"

"எங்க சாமி தீட்டறது? எங்க கொலைக்களத் தலைவரு போன மழைக்கே செத்துட்டாரு. அடுத்து நான்தான். ஆனா ஓலை இன்னும் வரலியே! தலைவரு எடுத்துக் குடுக்காம வாளைத் தொட்டா என் கையை வெட்டிருவாங்க."

"அப்படியானால் என்னை யார் வெட்டுவது?"

"அதான் சாமி நானும் ரோசிக்கிறேன்."

குழைக்காதர் அங்கிருந்த வெட்டுக்கல்லைப் பார்த்தார். பிறகு அவைக்குத் திரும்பினார்.

"அரசே, அடியேன் தோற்றேன். தலையைத் தரச் சித்தமாக இருக்கிறேன். ஆனால் வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கொலைக்களத் தலைவர் பதவி காலியாக இருக்கிறது. அந்த ஓலை வரும்வரை அடியேன் வீட்டில் காத்திருக்கலாமா?"

"தப்பப் பார்க்கிறான்!" என்று கச்சிராயர் துள்ளி எழுந்தார். "அந்த ஓலையைக் கொண்டுவாருங்கள்! அரக்கை உருக்குங்கள்!"

"தளவாயவர்களே, தாங்கள் முதலில்..." என்று திருமேனியார் தொடங்கினார்.

"முதலாவது, கடைசியாவது! குத்தும் ஐயா முத்திரையை!"

இரு முத்திரைகளும் ஒரே மூச்சில் விழுந்தன. மருதப்பனை அழைத்துவந்து, உறுதிமொழி வாங்கி, அவன் கையில் வாளைக் கொடுத்தார்கள். "மன்னிச்சிருங்க சாமி" என்று அவன் முணுமுணுத்தான். சாளரத்தில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது.

"தளவாயவர்களே, சாகுமுன் ஓர் ஐயம். கொலைக்களத் தலைவர் என்பவர் படைத்தலைவர்தாமா? இல்லை, வெறும் காவற்காரரா?"

"படைத்தலைவரேதான்! இல்லாவிட்டால் நான் ஏன் முத்திரை இடப்போகிறேன்?"

குழைக்காதர் மன்னர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "கதிரவன் மறையவில்லை, அரசே. ஒரு படைத்தலைவர் முறைப்படி பதவி ஏற்றுவிட்டார். எந்தப் படைத்தலைவர் என்று தாங்கள் கட்டளையிடவில்லை."

மன்னர் மருதப்பனைப் பார்த்தார். அரக்குக் கறை படிந்த இருவர் கைகளையும் பார்த்தார்.

"ஒருவன் தலையை வாங்க ஒரு நொடியில் விழும் முத்திரை, என் கோட்டையைக் காக்க ஏன் விழவில்லை?" என்றார். "அரக்கு இறுகுவதற்குள் வடகோட்டை ஓலையிலும் இடுங்கள். இனி எந்தப் பதவி ஓலையானாலும் இருவரும் என் முன்னிலையில், ஒருசேர இட வேண்டும். தாமதித்தால் புதிய தலைவர் மருதப்பனுக்கு வேலை கிடைக்கும்!"

அந்தி மயங்குமுன் வடகோட்டையின் புதிய தலைவரோடு குதிரைகள் வடக்கே பறந்தன. இரவில், கோட்டைக் கதவு அடைபட்டதை அறிவிக்கும் முரசொலி வடக்கிலிருந்து கேட்டது. அதன் பிறகே மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். தம் முத்து மாலையைக் கழற்றி, பின்புறமாக வந்து குழைக்காதருக்கு அணிவித்தார்.

கழுத்தில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டதும் குழைக்காதர் "ஐயோ!" என்று அலறி, இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.