தசைக் கூத்தில் சும்மா நின்ற லிபினா

நாகர்கோவில் பக்கம் ஒரு பிசியோதெரபி கல்லூரி. அங்கே ஆறு பிள்ளைகள் சேர்ந்து ஒரு கூத்துக் கட்டினார்கள். கதாநாயகன் யார் என்கிறீர்களா? நம் கைத்தசையின் ஒரு துணுக்கு!

இரண்டு கோடியிலும் கயிறு பிடித்து நிற்கும் இருவர் ஆக்டின் என்ற தசைப் புரதம். நடுவில் முதுகோடு முதுகாக நின்று அந்தக் கயிறுகளை இழுக்கும் இருவர் மயோசின் என்ற இன்னொரு புரதம். இழுப்பவர்களைத் தன் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு, அங்கிருந்து இரு கோடிக்கும் சைக்கிள் ட்யூப் மாட்டி நடுவில் நிற்பவள் லிபினா. அவள் டைட்டின் என்ற தாங்கு புரதம். எந்தப் பக்கம் சரிந்தாலும் ட்யூப் சுண்டி, அவர்களை நடுவுக்கே கொண்டுவந்துவிடும். ஆறாவது ஆள் ஜெனிஷ். மைக்கில் விளக்கம் சொல்பவன், குழுத்தலைவன் வேறு!

மதுரைப் போட்டியில் ஐந்து பேர்தான் மேடையேறலாம் என்று சேதி வந்தது. லிபினாவின் அம்மாவோ, மகள் மதுரையில் மேடையேறப் போகிறாள் என்று ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

“ஒவ்வொருத்தரா வெளிய நிறுத்திப் பாப்போம். யாரு இல்லாமலும் இழுப்பு நடக்குதோ, அவங்க வெளியே” என்றான் ஜெனிஷ்.

கயிற்றுக்காரரை நிறுத்தினார்கள்; இழுக்க ஒன்றுமில்லை. இழுப்பவரை நிறுத்தினார்கள், கயிறு தொங்கியது. லிபினாவை நிறுத்தினார்கள். அடேயப்பா! இழுப்பு முன்னைவிட வேகமாக நடந்தது. ஒரே கைதட்டல். பிறகு சிரித்துக்கொண்டே ஆளாளுக்குத் தரையில் தங்கள் இடத்தைக் குறித்த சாக்பீஸ் கோட்டுக்கு நடந்துபோய் நின்றார்கள்.

“கோவப்படாத பிள்ளே. நீ சும்மாதானே நிக்கிய?” என்றான் ஜெனிஷ்.

லிபினாவுக்கு அழுகை முட்டியது. ஆனால் கண் மட்டும் அந்தச் சாக்பீஸ் கோடுகளிலேயே இருந்தது. சட்டென்று முகம் மலர்ந்தது.

“சரி மக்கா. ஒரே ஒண்ணு கேக்கேன், செய்யுங்க. அப்பவும் நான் வேண்டாம்னா, ட்யூபைச் சுருட்டித் தந்துட்டுப் போறேன்.”

அவள் கேட்டதைச் செய்தார்கள். கூத்து குலைந்தது, அவள் இடம் உறுதியானது. வாசலில் நின்று பார்த்த ஆசிரியை தெரசம்மாள் மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். “சோதனையில ஒரு ஆளை விட்டுட்டீங்களே!” என்று கைகாட்டினார்.

சொல்லுங்கள், லிபினா கேட்டது என்ன? மதுரை மேடையேறாமல் நின்றது யார்?

விடை: “இழுத்து முடிச்சதும் யாரும் கோட்டுக்கு நடந்து போகாம, நின்ன இடத்துலருந்தே மறுபடியும் இழுங்க” என்றாள். லிபினாவின் ட்யூப் இல்லாததால், முதல் இழுப்பிலேயே நடுவில் நின்றவர்கள் ஒரு பக்கமாய்ச் சரிந்திருந்தார்கள். இரண்டாவது இழுப்பில் ஒரு கயிறு துவண்டது, மற்றது எட்டவே இல்லை. ஒருமுறை சுருங்கினால் போதுமா? தசை ஆயுள் முழுக்கச் சுருங்கி விரிய வேண்டாமா? சாக்பீஸ் கோட்டுக்குத் திரும்பி நடக்க அதற்குக் காலா இருக்கிறது? மேடையேறாமல் நின்றது ஜெனிஷ்தான், மைக் இல்லாமலும் இழுப்பு நடக்கும். “அப்போ விளக்கம் யாரு சொல்லுவா?” என்று அவன் பதறினான். “நான் சும்மாதானே நிக்கியேன்? நானே சொல்லுதேன்” என்றாள் லிபினா.