ஐயா ஏறாத விமானம்

காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் ஞானவரதனுக்கு எதுவும் வீணாகக் கூடாது. பந்தியில் மிஞ்சிய அப்பளத்தைக்கூட மறுநாள் குழம்பில் நொறுக்கிப் போடச் சொல்வார். வாக்குவாதத்தில் தோற்பதும் அவருக்கு ஆகாது.

மண்டபம் முழுக்க ஏ.சி. வாங்க வேண்டும். அந்தப் பெரிய தொகையை எந்த கிரெடிட் கார்டில் தேய்த்தால் லாபம் என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது சமையற்கார மரகதம் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தமான்ல மகளுக்குத் தலைப்பிரசவம். அடுத்த மாசம் லீவு வேணும்."

"எந்தக் கார்டு நல்லதுன்னு நான் மறுத்துப் பேச முடியாதபடி சொல்லு, தர்றேன். ஒண்ணு பில்லுல கொஞ்சம் கழிச்சுக்கும். ஒண்ணு பெரிய ஓட்டல்ல விருந்து குடுக்கும். இன்னொண்ணு இலவசமா விமான டிக்கெட் குடுக்கும்."

"விமானந்தான் ஐயா."

அவர் கடகடவென்று சிரித்தார். "மாடி ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். நான் விமானம் ஏறுவேனா?"

"மாட்டீங்க. ஆனா டிக்கெட் வீணாப் போகுதேன்னு தூக்கமும் வராது, யாரையாவது ஏத்தி அனுப்பிடுவீங்க. கழிவு பில்லோட போயிடும், விருந்து வயித்தோட போயிடும். இதுதான் ஒரு தாயை மககிட்ட கொண்டுபோய்ச் சேர்க்கும். இப்ப மறுத்துப் பேசுங்க."

அவர் லீவையும் கொடுத்து, விமான டிக்கெட் தரும் கார்டையே தேய்த்தார்.

ஏ.சி. வந்தது, டிக்கெட்டும் வந்தது. அந்தமானிலிருந்து மரகதம் போன் செய்தாள். "ஐயா, பேத்தி பொறந்திருக்கா!"

"சந்தோஷம்மா! விமானத்துல குடுத்த சாப்பாட்டை மிச்சம் வைக்கலையே?"

"மிஞ்சின ரொட்டியை முந்தானையில முடிஞ்சு வந்து மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டேன் ஐயா."