பூரணி முதுகு கொதிச்ச கதை

போர்வையை இழுத்துக்கோ, காலை ஆட்டாத. ஒரு ஊர்ல ஒரு உப்பளம். அங்க பேச்சித்தாய்னு ஒருத்தி உப்பு வாருவா. அவளுக்கு ஒத்தைக்கு ஒரு புள்ளை, பூரணி. கறுகறுன்னு மினுமினுன்னு இருப்பா. பள்ளிக்கூடம் லீவு, வீட்ல பாத்துக்க ஆளில்ல, அதனால அம்மாகூட அளத்துக்குப் போயிட்டா. முதுகு திறந்த கவுனைப் போட்டுக்கிட்டு வரப்புல நாளெல்லாம் ஓட்டம். மேல வெயிலு, கீழ வெள்ளை உப்பு, ரெண்டு பக்கமும் பளீர் பளீர்னு அடிக்குது. ம் கொட்டு... ம்.

அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேச்சித்தாய் புள்ளையைத் தூக்கப் போனா. "ஆ! தொடாதம்மா!"ன்னு பூரணி வீல்னு கத்துனா. முதுகைப் பார்த்தா ஒரு சிவப்பும் காணோம். கையை வச்சா, யப்பா, தோசைக்கல்லு சூடு!

அப்போ பக்கத்து வீட்டு வேலம்மக்கா வந்தா. "கறுத்த தோலை வெயில் என்னட்டி செய்யும்? கண்ணு பட்டிருக்கு"ன்னு உப்பு மிளகா சுத்தி அடுப்புல போட்டா. படபட, சடசட! மிளகா வெடிச்சதுதான் மிச்சம், புள்ளை அழுகை நிக்கல.

அப்புறம் அளத்துக் கங்காணி வந்தார். "நமக்கு எந்தப் புண்ணும் உப்புத்தண்ணியிலதான ஆறுது? ஊத்து பேச்சி." அளத்துக்காரங்களுக்கு அதுதான் வைத்தியம். அவளும் அந்தப் புத்தியில ஒரு செம்பு ஊத்திட்டா. ஐயையோ, புள்ளை துள்ளுன துள்ளு இருக்கே! பேச்சித்தாய் தலையில அடிச்சுக்கிட்டா. "என் கையாலேயே எரிய வச்சுட்டேனே!" என்ன, தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் முதுகுல சின்னச் சின்னதா கொப்புளம் கிளம்பிடுச்சு. கொழுந்தன் மாடசாமி கருவேல முள்ளோட வந்தான். "குத்தி நீரை எடுத்துட்டா வலி போயிடும், மதினி." முள்ளு கிட்டக்க வருது, கிட்டக்க வருது... பேச்சித்தாய் லபக்குன்னு அவன் கையைப் புடிச்சா. "போதும்யா உங்க வைத்தியம்!"னு சொல்லிட்டு, புள்ளையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு நர்ஸு ரெஜினா வீட்டுக்கு ஓடுனா.

நர்ஸம்மா தொட்டுப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "கறுப்புத் தோலும் வெயில்ல வெந்து போகும் தாயி. சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நல்ல தண்ணியில துணியை நனைச்சு நனைச்சுப் போடு, குடிக்கவும் கொடு. எண்ணெய் தடவாத, கொப்புளத்தைக் குத்தாத. காய்ச்சலோ வாந்தியோ வந்தா உடனே தூக்கிட்டு ஓடி வா."

நல்ல தண்ணியா? வீட்ல அரைக்குடம்தான் இருக்கு. தண்ணி லாரி நாளைக்குத்தான் வரும். பேச்சித்தாய்க்கே நாக்கு வறண்டு கிடக்கு. "சீ, எனக்கென்ன"ன்னு புள்ளைக்குக் குடிக்க மட்டும் எடுத்து வச்சுட்டு, மிச்சத்துல துணியை நனைச்சு நனைச்சுப் போட்டா. சொட்டு, சொட்டு. கொஞ்சம் கொஞ்சமா சூடு தணிஞ்சுது, விசும்பல் நின்னுது. அப்பதான் அவளுக்கு மூச்சே வந்துச்சு.

அப்போ பூரணி எழுந்து அம்மா கழுத்தைக் கட்டுனா. கட்டுன கையைச் சட்டுன்னு எடுத்துட்டா. "அம்மா, உன் பிடரியும் சுடுதே!"

பேச்சித்தாய் தொட்டுப் பார்த்தா. பதினஞ்சு வருஷமா சாயங்காலமானா அங்க எரியும். உழைச்ச அலுப்புன்னே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கா, பாவி மக. ஒருத்தரும் கையை வச்சுப் பார்த்ததில்ல. பூரணி தன் முதுகுத் துணியை உருவி அம்மா பிடரியில போட்டா. குளுகுளுன்னு இருந்துச்சா, அவளுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு.

அப்புறம் ரெண்டு பேரும் குப்புறப் படுத்துட்டாங்க. கதையும் படுத்துடுச்சு. நீயும் தூங்கு.