தெரிந்த கை

குருவுக்கு நாற்பது வயது. சிஷ்யைக்கு அறுபதுக்கு மேல். குரு உலகம்மை சிஷ்யையை 'வடிவக்கா' என்று கூப்பிடுவாள். ஓய்வு பெற்ற தமிழாசிரியை சண்முகவடிவு குருவை 'அம்மா' என்பாள். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அவர்கள் இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

மேற்கு மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் பூசை கொஞ்சம், தையல் அதிகம். பழம்புடவைகளைக் கிழித்து, அடுக்கடுக்காக விரித்து, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை ஆக்குவார்கள். இறந்துபோன பெண்ணின் புடவை என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. பெற்றவளோ பிள்ளையோ அதைக் கிழிக்கக் கூடாது. இறந்தவளை அறிந்த வேறொரு கை கிழிக்க வேண்டும். கிழிக்கும் முன் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை சரிதான் என்று பெற்றவள் தலையசைத்த பிறகே துணியில் கை வைக்கலாம்.

வடிவு மடத்துக்கு வந்தபோது மகள் தேன்மொழியின் புடவை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மாந்தளிர் நிறத்தில் சுங்குடி. தேன்மொழி தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளையும் தங்கவில்லை. புடவை மட்டும் முழுசாக இருந்தது.

கிழிக்க ஆள் வராமல் இல்லை. தம்பி மனைவி வந்தாள்.

"ரொம்ப அடக்கமான பிள்ளை" என்று ஆரம்பித்தாள்.

"யாரு, என் மகளா? ஊர்ப்பட்ட வாயாடி. நீ வேற யாரையோ சொல்லுத" என்று வடிவு புடவையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பள்ளித் தோழி ஒருத்தி வந்து, "பூ மாதிரி இருப்பா" என்றாள். வடிவு புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள்.

ஆயுசெல்லாம் சிவப்பு மையோடு திரிந்தவளுக்கு யார் எதைச் சொன்னாலும் ஒரு பிழை தட்டுப்படத்தான் செய்யும். ஆனால் இது வெறும் வாத்தியார் புத்தி இல்லை. கிழித்துவிட்டால் மகள் ஒரேயடியாகப் போய்விடுவாள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. உலகம்மையும் கேட்டதில்லை.

அந்த வருஷ மழையில், பழைய போர்வைகளை வைத்திருந்த அறை ஒழுகியது. எந்தெந்த ஊர்ப் பெண்களோ தலைமுறை தலைமுறையாகத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனவை. ஓடு மாற்ற வேண்டும், பெட்டிகள் செய்ய வேண்டும், சின்னப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் வேண்டும். மடத்தில் வசதி இல்லை.

உலகம்மை யோசித்துவிட்டுச் சொன்னாள். "புடவையைக் கிழிக்கதுக்கு முன்னால பொம்பளைங்க சொல்லுத வார்த்தை எல்லாம் காத்தோட போகுது. அதையே கதையா எழுதச் சொல்லுவோம்."

பெண்களுக்கான சிறுகதைப் போட்டி என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லி அனுப்பினார்கள். கதையோடு ஆளுக்குக் கொஞ்சம் நுழைவுக் கட்டணம். தேர்வான கதைகளை எழுதியவர்களே மடத்துக்கு வந்து ஊர் கேட்க வாசிக்க வேண்டும். பிறகு அவற்றைப் புத்தகமாக்கி விற்பார்கள். வருவதெல்லாம் போர்வை அறைக்கு.

கதைகளைப் படித்துத் தேர்வு செய்கிற வேலை வடிவுக்கு. அதற்கு அவளை விட்டால் மடத்தில் ஆள் ஏது? எழுதியவர்களின் பெயரை மறைத்துத்தான் அவளிடம் கொடுத்தார்கள். பாதிக் கதைகளில் மாமியார் கெட்டவள், மீதிப் பாதியில் மருமகள். வடிவு அலுப்போடு சிவப்பு மைப் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

அப்படி ஒரு காலையில்தான் அந்தக் கதை கைக்கு வந்தது. பெரிய பெரிய எழுத்து. எழுதியவள் ஒரு மாமியார். செத்துப்போன மருமகளைப் பற்றி எழுதியிருந்தாள்.

மருமகளுக்கு ஓயாத வாய் என்றது கதை. வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் தன் அம்மாவோடு வேலை பார்க்கிற டீச்சர்களின் பெயரை வைத்திருந்தாளாம். போகிற வருகிற எல்லாரையும் கொத்துகிற கறுப்புக் கோழிக்குத் தன் அம்மாவின் பெயர். 'வடிவு டீச்சர், நெல்லைத் தின்னது போதும், நோட்டுத் திருத்தப் போங்க' என்று விரட்டுவாளாம்.

வடிவு வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பெயரை மறைத்து என்ன பயன்? இது அவளுடைய சம்பந்தி பேச்சித்தாய் எழுதியது.

மீதியைப் படித்தாள். பிறகு எழுந்து, உலகம்மை தைத்துக்கொண்டிருந்த கூடத்துக்குப் போனாள்.

"அம்மா, ஒரு கதையை நீக்கணும்."

"மோசமா இருக்கா?"

"இல்ல. வந்ததுலயே இதுதான் நல்லாருக்கு."

"பிறகு?"

"எழுதுனது பேச்சித்தாய். என் மகளோட மாமியார்."

"பேரை மறைச்சுல்லா குடுத்தோம்?"

"கோழி காட்டிக் குடுத்துட்டு."

உலகம்மைக்குப் புரியவில்லை. ஆனாலும் கோழியைப் பற்றிக் கேட்கவில்லை.

"கதையில பொய் சொல்லியிருக்காளா?"

வடிவு தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லியிருந்தா ஒரு கோடு போட்டு அடிச்சிருப்பேன். 'வலி எடுத்த பிள்ளையை ராகு காலம் கழியட்டும்னு ஆசுபத்திரிக்கு அனுப்பாம நிறுத்தி வச்சது நான்தான், வேற யாரும் இல்ல'ன்னு எழுதியிருக்கா. அந்த வார்த்தை அவ வாயில இருந்து வரணும்னுதான் இத்தனை வருஷமும் காத்துக் கிடந்தேன். வந்துட்டு. வந்தும் எனக்கு ஆறல."

"வேற என்ன எழுதியிருக்கா?"

வடிவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"பரிச்சை முடிஞ்சதும் அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வாரதா இருந்தேன், அதுக்குள்ள வலி எடுத்துட்டு. எனக்கு ஏன் சொல்லி விடலன்னு எழுதியிருக்கா. என் மகதான் வேண்டாம்னாளாம். 'எங்கம்மைக்குச் சொல்லிராதீங்க அத்தை, பரிச்சை நடக்குது, போட்டது போட்டபடி ஓடி வந்திருவா, பிள்ளை பொறந்ததும் நானே சொல்லுதேன்'னாளாம். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வேணும்னே மறைச்சாங்கன்னு நெனச்சேன். காரியத்தன்னைக்கு அந்த வீட்டு வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்திட்டு வந்தேன்."

உலகம்மை ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இப்ப இதைத் தேர்ந்தெடுத்தா என்னாகும்?" என்று வடிவு தொடர்ந்தாள். "அவ இங்க வந்து நிப்பா. கேக்கிற பொம்பளைங்க எல்லாம் அவளுக்காக அழுவாங்க. பெத்தவ நான் ஓரமா உக்காந்து பாக்கணும். இது நியாயமா?"

குரு, "உங்க பெட்டியில இருக்க புடவைக்கு ஒரு ஆள் தேடிக்கிட்டு இருந்தோம்லா?" என்றாள்.

வடிவு தூணை விட்டு நிமிர்ந்தாள்.

"அவ கையிலயா? அது என் பிள்ளையைக் கொன்ன கை அம்மா."

"தெரிஞ்ச கை வேணும்னுதான் முறை, அக்கா. நல்ல கை வேணும்னு இங்க யாரும் கேட்டதில்ல."

வடிவு எழுந்து போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை, குருவோடு பேசவும் இல்லை. ஊருக்கே போய்விடலாம் என்று துணிமணிகளை எடுத்துப் பையில் திணித்தாள். மாந்தளிர்ப் புடவையை எடுக்கும்போது கை நின்றது. மறுபடி உட்கார்ந்து அந்தக் கதையைக் கோழி வரும் இடத்திலிருந்து படித்தாள். தன் மகள் அத்தனை உயிரோடு வேறு எங்கேயும் இருக்கவில்லை. தான் எழுதியிருந்தாலும் இப்படி வந்திருக்காது என்று தோன்றியபோது அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கதையைத் தேர்வானவற்றோடு சேர்த்து வைத்தாள். அதில் பிழை மலிந்து கிடந்தது. ஒன்றையும் அவள் திருத்தவில்லை.

வாசிக்கிற நாள் காலையில் கூடம் நிறைந்துவிட்டது. சுவர் முழுக்கப் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பேச்சித்தாய் நன்றாக ஒடுங்கிப் போயிருந்தாள். தன் முறை வந்து முன்னால் வந்த பிறகுதான் முதல் வரிசையில் இருந்த வடிவைப் பார்த்தாள். வடிவு இந்த மடத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது. திரும்பிப் போய்விடுவாள் போல ஒரு எட்டு வைத்தாள். வடிவு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் காகிதத்தைப் பிரித்தாள்.

கோழிகள் வந்த இடத்தில் கூடம் சிரித்தது. கறுப்புக் கோழியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் பேச்சித்தாய் தயங்கினாள். "படிங்க" என்றாள் வடிவு. அவள் படித்தாள். ராகு காலம் என்ற சொல்லுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். காகிதம் கீழே இறங்கியது.

"இதுக்கு மேல என்னால முடியாது" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வடிவு எழுந்து உள்ளே போனாள். புடவையோடு வந்து அவள் முன்னால் உட்கார்ந்து அதை அவள் மடியில் வைத்தாள்.

"மதினி, மிச்சத்தைப் படிக்க வேண்டாம். எனக்குத் தெரியும். இதைக் கிழிச்சுக் குடுங்க."

பேச்சித்தாய் புடவையைத் தடவிப் பார்த்தாள். "தீவாளிக்கு நான் எடுத்தது. நிறம் கிழவி நிறமா இருக்குன்னு என்கூட ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டா. பிறகு இதைத்தான் திரும்பத் திரும்பக் கட்டுனா."

"கிழிக்கதுக்கு முன்னால அவளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். அது இங்க முறை."

"வாயாடி" என்றாள் பேச்சித்தாய். "என் வீட்டுல வெளிச்சமே அவ வாய்தான்."

வடிவு தலையசைத்தாள். மடத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தலையசைப்புக்காக எத்தனை பேர் வந்து திரும்பிப் போயிருந்தார்கள்.

பேச்சித்தாய் புடவையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கிழிக்கிறவர்கள் பிடிக்கிற மாதிரியே, கட்டைவிரல்களைச் சேர்த்துப் பிடித்தாள். விரல்கள் வெளுத்தன. துணி அப்படியே இருந்தது. பிறகு அதை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்னால ஆகாது மதினி. ஒருதடவை அவளை அனுப்பி வச்சுட்டேன். இன்னொரு தடவை செய்யச் சொல்லாதீங்க."

வடிவு அழுதாள். எத்தனையோ நாளாக யார் முன்னாலும் அழாதவள், அத்தனை பேர் பார்க்க, சம்பந்தியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புடவை இரண்டு பேர் மடியிலும் கிடந்தது.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு குருவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, இவங்களும் கிழிக்க மாட்டேங்காங்க. இனி நான் யார்கிட்ட போவேன்?"

"அவசரம் இல்லக்கா" என்றாள் உலகம்மை. "ஒரு மாசம் உங்ககிட்ட இருக்கட்டும், மறுமாசம் அவங்ககிட்ட இருக்கட்டும். கொண்டுபோய்க் குடுக்கதுக்கு மட்டும் ஆள் அனுப்பாதீங்க. நீங்களே போங்க."