வடக்கு பார்த்தே ஓடிய வேன்

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கட்டிய வண்டி ஒன்றுகூட இன்னும் வெளியே போகாத பட்டறை மாசிலாமணியுடையது மட்டும்தான். எல்லாம் முடிந்து பெயின்ட்டும் அடித்த பிறகுதான், டிரைவர் ஏறக் கதவு வைக்கவில்லை என்பது தெரியவரும்.

அந்த மாசிலாமணிக்கு வேடசந்தூரிலிருந்து மனைவி மரகதவல்லி வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருந்தாள். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். கான்வென்ட்டில் படித்தவள், முற்றுப்புள்ளி தவறாது.

"ஐந்து மாதக் குழந்தையை பஸ்ஸில் கொண்டுவர எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களே ஒரு வண்டி கட்டிக்கொண்டு வாருங்கள். அது நம் வீடு மாதிரியே இருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கு ஒரு டேங்க், கழிவுக்கு ஒரு டேங்க். இரண்டும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. கழிவு டேங்க் ஒரு சொட்டுக் கசியக் கூடாது. வாசலில் வந்து நின்றால்தான் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் நாங்கள் இனி இங்கேயேதான்."

மாசிலாமணி உடனே எழுந்தார். மகளை அவர் ஒரே ஒரு தடவைதான் தூக்கியிருக்கிறார். அதுவும் தலை எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு. ஒரு பழைய வேனை உள்ளே தள்ளச் சொன்னார். வெல்டர் பரஞ்சோதியும் பிளம்பர் குட்டியப்பனும் வேலையில் இறங்கினார்கள்.

"நம்ம வீடு மாதிரின்னா, வாஸ்துவும் வேணுமில்லீங்களா?" என்றான் குட்டியப்பன்.

பின்னே! வேன் வடக்கு பார்த்து நின்றது. முன்பக்கம் வலது மூலை ஈசானியம். அங்கே நல்ல தண்ணீர் டேங்க். இடது மூலை வாயு மூலை. அங்கே கழிவு டேங்க். மாட்டி முடித்ததும் பரஞ்சோதி தரையில் படுத்து, நல்ல தண்ணீர் டேங்க்கோடு கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தான்.

"அண்ணா, இங்கிருந்து பாத்தா அது நல்லாத் தெரியுதுங்க."

மாசிலாமணி பதறிப்போய் வீட்டிலிருந்து பச்சைத் திரைச்சீலையைக் கொண்டுவந்து நடுவில் கட்டினார். பரஞ்சோதி மறுபடி படுத்தான். "இப்பத் தெரியலீங்க. ஆனா காத்தடிச்சா வெலகுமே?" சீலையின் அடியில் இரண்டு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அடுத்து, கசிவு.

"கசியுதாடா?"

"சொட்டுக்கூட இல்லீங்க."

"தண்ணி ஊத்திப் பாத்தியா?"

"எங்கீங்க ஊத்தறது? ஓட்டை இருந்தாத்தானே கசியும்னு எல்லாத்தையும் வெல்டு வச்சு அடைச்சுட்டேன்."

"அப்பக் கழிவு உள்ள எப்படிறா போகும்?"

"அம்மணி கசியக் கூடாதுன்னாங்க. உள்ள போகணும்னு எங்கீங்க எழுதியிருக்காங்க?"

மாசிலாமணி செய்தியை மறுபடி படித்தார். எழுதியிருக்கவில்லை. பரஞ்சோதியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை காலை வெள்ளோட்டம். பட்டறை கேட் தெற்கே இருந்ததால் மாசிலாமணி வண்டியை ரிவர்ஸில் வெளியே எடுத்து, கிழக்கே திருப்பினார். குட்டியப்பன் வயிற்றில் அடித்துக்கொண்டு அலறினான்.

"ஐயோ, நிறுத்துங்க! கக்கூஸ் டேங்க் ஈசானியத்துக்கு வந்துருச்சு! நல்ல தண்ணி அக்கினி மூலைக்குப் போயிருச்சு!"

மாசிலாமணி பிரேக்கை மிதித்தார். பச்சைக் குழந்தை ஏறுகிற வண்டி! மூவரும் நடுரோட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"திரும்பறப்பெல்லாம் டேங்க்கைக் கழட்டி மாத்திக்கலாமுங்களா?" என்றான் பரஞ்சோதி.

"ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை திருப்பம்டா இருக்குது? புள்ளைக்குக் கல்யாண வயசு வந்துரும். வேண்டாம். வண்டியத் திருப்புனாத்தானே டேங்க் திரும்புது? திருப்பவே கூடாது. அது எப்பவும் வடக்கே பாக்கட்டும்."

"வேடசந்தூரு தெக்கே இருக்குதுங்களே?"

"பின்னாலயே போவோம்."

ஐம்பது கிலோமீட்டர் ரிவர்ஸில் போனார்கள். ரோடு கொஞ்சம் வளைந்தால், "வாயு பகவானே, கண்டுக்காதீங்க" என்று குட்டியப்பன் கண்ணை மூடிக்கொள்வான். ஒரு டீக்கடைக்காரர் வெளியே ஓடிவந்து, "ஏப்பா, நீங்க போறீங்களா, வர்றீங்களா?" என்று கத்தினார்.

"போறமுங்க! வர்றப்ப நேரா வருவமுங்க!"

ஞாயிறு விடிந்தபோது வேடசந்தூர் மெயின்ரோட்டில் மாமனார் வீட்டுச் சந்து முனைக்கு வந்துசேர்ந்தார்கள். அங்கேதான் சிக்கல். சந்து மேற்கே போகிறது. வீடு உள்ளே இருநூறு அடியில். வண்டியைத் திருப்பவும் முடியாது. வாசலில் நிறுத்தாமல் இருக்கவும் முடியாது. மாசிலாமணி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னார்.

"இருநூறு அடிதானே, நடந்தே வந்துர்றேன்" என்று மரகதவல்லி குழந்தையோடு எழுந்தாள்.

மாமனார் சென்னியப்பன் கையை நீட்டி மறித்தார். "உக்காரு கண்ணு. மாப்ள ராத்திரி பகலா முதுகு காட்டிட்டே வந்திருக்காரு. வாசல்ல ஏறுவேன்னு நீயும் வாய் விட்டுட்டே. ஒருத்தர் சொல்லும் தவறக் கூடாது. மாப்ள, கடப்பாரையை எடுங்க."

ஒரு மணி நேரத்தில் வாசல் நிலையும் கதவும் சுவரிலிருந்து பெயர்ந்து வந்தன. நாலு பேருமாகச் சுமந்துபோய் வேனை ஒட்டி ரோட்டோரத்தில் நட்டு, கல் வைத்து முட்டுக்கொடுத்தார்கள். மரகதவல்லி அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், இடுப்பிலிருந்த குழந்தையைக் கவலையோடு பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்து வைத்து வாசலைத் தாண்டி வேனில் ஏறினாள். மாசிலாமணி மகளை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை தலை எது என்று கேட்கவில்லை. பரஞ்சோதி ஸ்டீயரிங்கைப் பிடிக்க, வேன் நேராக வடக்கே கிளம்பியது.

சென்னியப்பன் கையாட்டி முடித்தார். வீடு திறந்து கிடக்கிறதே என்ற நினைப்பு வந்து, ரோட்டோரம் நின்ற கதவைச் சாத்திப் பூட்டை அமுக்கினார். இடுப்பைத் தடவிப் பார்த்தபோதுதான் சாவி வீட்டுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

மத்தியானம் அந்தப் பக்கம் வந்த பால்காரர், "என்னங்க, ரோட்டுல உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா தம்பி. இன்னொரு சாவி அவகிட்டத்தான் இருக்குது. அவ வந்து தொறந்தாத்தான் நான் வீட்டுக்குள்ள போக முடியும்" என்றார் சென்னியப்பன், கதவில் சாய்ந்தபடி.